பாட்டில்லாத கிறிஸ்துமஸ் இசை: கிதாரா, ஆர்க்கெஸ்ட்ராவா, இரண்டும் சேர்ந்தா?

‘சைலன்ட் நைட்’ முதன்முதலில் ஒலித்தது கிதாரோடுதான். 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அருகே உள்ள ஓபர்ன்டோர்ஃப் ஆலயத்தில், வரிகளை எழுதிய உதவிப் பங்குத்தந்தை யோசப் மோரும் மெட்டமைத்த ஃபிரான்ஸ் குரூபரும் சேர்ந்து பாட, மோர் கிதார் வாசித்தார். பின்னாளில் குரூபரே அதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதினார். ஆக, கிதாரா ஆர்க்கெஸ்ட்ராவா என்ற இந்த வழக்குக்கு அந்தப் பாடலின் வயதே ஆகிறது. பாடுகிறவர் இல்லாமல் வாத்தியம் மட்டும் போதும் என்று டிசம்பரில் தேடுகிறவர்கள் முன்னால் இன்றும் அதுதான் நிற்கிறது.

கிதார் தந்தியைச் சுண்டிய கணத்திலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். வயலினில் வில் நகரும்வரை சுரம் நிற்கும். எல்லா வேறுபாடும் இதிலிருந்துதான் கிளைக்கிறது. மெதுவான பாடலில் நீண்ட சுரம் வந்தால் தனிக் கிதார்க் கலைஞர் சும்மா இருக்க முடியாது. கீழ்த்தந்திகளைக் கட்டைவிரலால் மீட்டி அந்த வெற்றிடத்தை நிரப்பியாக வேண்டும். அமெரிக்கக் கிதார்க் கலைஞர் ஜான் ஃபேஹி 1968இல் வெளியிட்ட ‘தி நியூ பாஸிபிலிட்டி’ ஆல்பத்தில் இதைக் கேட்கலாம். எஃகுத் தந்திக் கிதார் ஒன்றே ஒன்று. கட்டைவிரல் கீழ்த்தந்திகளை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே போக, மற்ற விரல்கள் மெட்டை எடுக்கின்றன. மெருகு குறைவுதான், எனக்குப் பிடித்ததும் அதுதான். மெருகு வேண்டுமென்பவர்களுக்கு ‘எல் நோய் தெ லா மாரெ’ என்ற கட்டலான் பாடல் இருக்கிறது. மிகெல் ல்யோபெத் கிதாருக்கு அமைத்தது, ஸ்பானிய கிதார் மேதை செகோவியா விரும்பி வாசித்தது.

ஆனால் கிதாரால் ஆகாத காரியங்கள் உண்டு. இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் கிறிஸ்துமஸ் கான்செர்ட்டோ (தனி வாத்தியங்களும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) 1714இல் அச்சானது. அதன் கடைசிப் பகுதி, பண்டிகைக் காலத்தில் தோல்பைக் குழல் ஊதிய இத்தாலிய இடையர்களின் இசையை ஒட்டி எழுதப்பட்டது. நாதசுரத்துக்கு ஒத்து போல, அடியில் சுருதி அறாமல் நிற்க வேண்டும். சுண்டும் தந்தியில் அது கிடைக்காது.

அமெரிக்க இசையமைப்பாளர் லெராய் ஆண்டர்சனின் ‘ஸ்லே ரைட்’ இன்னொரு எடுத்துக்காட்டு. 1946 கோடையில், வெயில் வாட்டிய நாட்களில், அவர் எழுதத் தொடங்கிய பனிவண்டிப் பயணம் இது. 1948இல் பாஸ்டன் பாப்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா அரங்கேற்றியது. வரிகள் 1950இல்தான் வந்து ஒட்டிக்கொண்டன. மரக்கட்டைகளில் குளம்படி, இரண்டு பலகைகளை அறைந்து எழுப்பும் சாட்டைச் சத்தம், முடிவில் டிரம்பெட்டில் ஒரு குதிரைக் கனைப்பு. தனிக் கிதாரில் வாசித்தால் மெட்டு மிஞ்சும், குதிரை ஓடிப்போயிருக்கும்.

சரி, இரண்டையும் சேர்த்தால்? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கிதாரின் குரல் சின்னது. ஸ்பானிய இசையமைப்பாளர் ரோட்ரிகோ 1939இல் ‘அரங்குவெஸ்’ கான்செர்ட்டோவை எழுதியபோது, கிதார் பேசும் இடங்களில் ஆர்க்கெஸ்ட்ராவை மெலிய வைத்தார். கிறிஸ்துமஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் டிசம்பர் ஆல்பம் போடுகிறவர்கள் ஒருமுறை கேட்டுவிட்டு வந்தால் புண்ணியமாகப் போகும். பெரும்பாலும் நடப்பது என்ன? கிதாரை மைக்கில் பெருக்கிவிட்டு, பின்னால் வயலின்களைப் பாகாக ஊற்றுகிறார்கள். இரண்டாவது பாடலிலேயே திகட்டிவிடுகிறது.

நல்ல இசைக்கோப்பில் முதல் சுற்று கிதாருக்கு மட்டுமே. அடுத்த சுற்றில் செல்லோக்கள் கீழே நீண்ட சுரம் பிடிக்கின்றன. பிறகு மெட்டு வயலின்களுக்குப் போகிறது, கிதார் துணைக்கு இறங்குகிறது. ‘வாட் சைல்ட் இஸ் திஸ்’ என்ற கிறிஸ்துமஸ் பாடலுக்கு உரிய ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’ மெட்டு இதற்கு வெகு பொருத்தம். லூட் என்ற பழைய தந்தி வாத்தியத்தின் காலத்தில் பிறந்தது என்பதால் விரல்களுக்கு இயல்பாக வருகிறது. வில்லுக்குத் தேவையான நீண்ட வளைவுகளும் அதில் இருக்கின்றன. இந்த வகையில் ஒழுங்காகச் செய்த ஒரு பதிவு கிடைத்தால் மற்ற இரண்டையும் ஒதுக்கிவிட்டு அதைத்தான் எடுப்பேன்.

மின் கிதார் தனிக்கதை. அதில் சுரம் எளிதில் தேயாமல் நிற்கும், ஒலியும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குச் சளைக்காது. டிரான்ஸ்-சைபீரியன் ஆர்க்கெஸ்ட்ரா என்ற அமெரிக்க ராக் குழுவின் 1996 ஆல்பத்தில் உள்ள ‘கிறிஸ்துமஸ் ஈவ் / சரயேவோ 12/24’ அப்படிப்பட்டது. உக்ரைன் இசையமைப்பாளர் லியோன்டோவிச் தந்த, ‘கேரல் ஆஃப் தி பெல்ஸ்’ பாடலில் கேட்கும் நான்கு சுரச் சுழலை அது இரும்பாக அடித்து நீட்டுகிறது. பேச்சுக்கு நடுவே மெல்ல ஓடவிட முடியாது. ஆனாலும் பாகு ஊற்றும் ஆல்பங்களைவிட இது மேல்: கத்துவதென்று இரு தரப்பும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.