சென்னை வெயிலுக்கு ஏற்ற கைத்துப்பாக்கி உறை: தோலா, கைடெக்ஸா, இரண்டும் கலந்ததா?

உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் உறை வாங்கலாம் என்று விவரம் தேடத் தொடங்கினால், கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்கர்கள் அமெரிக்கர்களுக்குச் சொன்னவையாகவே இருக்கும். அவர்கள் கையில் இருப்பது கிளாக் 19 போன்ற 9 மில்லிமீட்டர் பிஸ்டல். நம் நாட்டில் அந்தத் தோட்டா தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால், இங்கே சாதாரண உரிமதாரரிடம் இருப்பது பெரும்பாலும் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் தயாரான பாயிண்ட் 32 ரிவால்வர் அல்லது பிஸ்டல்தான். அவர்களின் உடை வேறு, தட்பவெப்பம் வேறு, காரில் ஓட்டுநர் உட்காரும் பக்கம்கூட வேறு. ஆகவே எந்த உறை வசதியானது என்ற கேள்விக்கு அங்கிருந்து வரும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சென்னையின் வியர்வையிலும் போக்குவரத்திலும் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

மறைத்து எடுத்துச் செல்வது இங்கே விருப்பம் சார்ந்த விஷயமும் அல்ல. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கான உறையில் இட்டு, முழுவதும் மூடியபடி, எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் நிபந்தனை. கைப்பிடி வெளியே தெரியும்படி இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பவர் தன் உரிமத்துக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கைடெக்ஸ் என்பது சூடாக்கி அச்சில் வார்க்கப்படும் ஒரு வகைப் பிளாஸ்டிக் தகடு. வியர்வையை உறிஞ்சாது, பூசணம் பிடிக்காது, கழுவித் துடைத்தால் போதும். துப்பாக்கியை வெளியே எடுத்த பிறகும் வாய் திறந்தபடியே நிற்பதால், திரும்பச் செருகுவது எளிது. இவ்வளவு நல்ல குணங்கள் இருந்தும் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. ஒவ்வொரு மாடலின் வடிவத்துக்கும் தனி அச்சு வேண்டும் என்பதால், வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள் பட்டியலில் நம் பாயிண்ட் 32 ரகங்களுக்கு அளவெடுத்த உறை எளிதில் கிடைக்காது. ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று விற்கப்படும் கைடெக்ஸ் உறை உண்மையில் எதற்கும் சரியாகப் பொருந்துவதில்லை. அடுத்தது உடம்பு படும் பாடு. மே மாதத்தில் நனைந்த பனியனுக்கும் தோலுக்கும் நடுவே காற்றுப் புகாத ஒரு தகடு நாள் முழுவதும் உரசிக்கொண்டிருந்தால், மாலைக்குள் அந்த இடம் சிவந்து வியர்க்குரு கிளம்பிவிடும்.

தோலில் சென்னைக்கு ஒரு சாதகம் உண்டு. பெரியமேடு தோல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் அடையாறில் இயங்குகிறது. ஆனால் கடையில் பளபளக்கும் எல்லாத் தோலும் உறைக்கு ஆகாது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது. செருப்புக்கும் கைப்பைக்கும் அது நல்லது, உறைக்குத் தொய்வு. உறைக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட கெட்டியான தோல். நனைத்து வடிவம் கொடுத்து உலர்த்தினால் அந்த வடிவத்திலேயே இறுகி நிற்பது அதுதான். முன்பு ஆவாரம் பட்டை கொண்டு பதனிட்டுத் தமிழகத்திலிருந்து ஏற்றுமதியான இ.ஐ. தோல், அதாவது ‘ஈஸ்ட் இந்தியா’ தோல், இந்த இனத்தைச் சேர்ந்தது.

தோலின் பலவீனமும் ஈரம்தான். அது வியர்வையைக் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். அந்த உப்பு ஈரம் மெதுவாக இரும்புக்குப் போகும். கடற்கரை ஒட்டிய பகுதியில் வீடு என்றால் துரு இன்னும் விரைவாக வரும். அதனால் தோல் உறையை அணிவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, இரவில் துப்பாக்கியைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு உறையின்றிப் பூட்டிவைப்பது கட்டாயம். தேர்தல் அறிவிப்பு வந்து காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கும்போதும் உறையோடு சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. வாரக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் குழலின் வெளிப்புறத்தில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறிவிடும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கமும் வேண்டாம். தோல் இளகி, உறையின் வாய் மடங்கத் தொடங்கும். மடங்கிய விளிம்பு விசைக்காப்பு வளையத்துக்குள் புகுந்தால், துப்பாக்கியைச் செருகும்போதே விசை அழுந்தி வெடிக்கக்கூடும். வாய் தளர்ந்த உறை எவ்வளவு பழகியதாக இருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், தூக்கி எறிய வேண்டியதுதான்.

அணியும் இடத்தைப் பற்றிய போட்டி உண்மையில் இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது: கால்சட்டைக்கு உள்ளே செருகும் உறை, பெல்ட்டில் வெளியே கோக்கும் உறை.

உள்ளே செருகுவதில் குழல் முழுவதும் கால்சட்டைக்குள் போய்விடுவதால் சட்டை சற்றுத் தூக்கினாலும் கைப்பிடி மட்டுமே மறைய வேண்டியிருக்கும். ஆனால் இடுப்பளவு ஓர் அங்குலமாவது கூடுதலாக உள்ள கால்சட்டை வேண்டும். இறுக்கமான கால்சட்டையில் அணிந்துவிட்டு உறையைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. பாயிண்ட் 32 பிஸ்டல் தட்டையானது என்பதால் இதற்கு ஒத்துவரும். ரிவால்வரின் சிலிண்டரோ இடுப்பெலும்பில் முட்டிக்கொண்டே இருக்கும். இந்த வகையில் எனக்குத் திருப்தி தருவது கலப்பு உறைதான்: உடம்பை ஒட்டிய பக்கம் அகலமான தோல், வெளிப்பக்கம் துப்பாக்கியை இறுகப் பிடிக்கும் கைடெக்ஸ் ஓடு. அகலத் தோல் எடையைப் பரப்பிவிடுவதால் ஓரிடத்தில் குத்துவதில்லை. உள்பக்கத் தோலைச் சற்று உயர்த்தி வெட்டியிருந்தால் வியர்வை நேரடியாகத் துப்பாக்கியில் படுவதும் குறையும்.

வெளியே கோக்கும் வகையில், இரண்டு தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, துப்பாக்கிக்கு முன்னும் பின்னும் பெல்ட் நுழையத் துளை விட்ட தட்டை உறையே சிறந்தது. பெல்ட்டை இறுக்கும்போது அது துப்பாக்கியை உடம்போடு அணைத்துக்கொள்ளும். வலக்கைக்காரர் வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், சுமார் 15 பாகை முன்சாய்வோடு அணிந்தால், கைப்பிடி முதுகுப் பக்கம் துருத்தாது. உடம்புக்கும் உறைக்கும் நடுவே கால்சட்டைத் துணி இருப்பதால் வியர்க்குருத் தொல்லை வெகுவாகக் குறையும். உள்ளே விடாமல் வெளியே தொங்கவிடும் அரைக்கைச் சட்டை, இடுப்புக்குக் கீழே ஒரு சாண் நீளம் இருந்தால், இதை மறைக்கப் போதும். ஆனால் மேல் அலமாரியை எட்டும்போதும், பேருந்துக் கம்பியைப் பிடிக்கும்போதும் சட்டை ஏறி உறையின் அடிப்பகுதி தெரியும் என்பதை மறந்துவிடக் கூடாது.

காரில் உட்காருவதைப் பொறுத்தவரை அமெரிக்க ஆலோசனை நமக்குத் தலைகீழாகப் பொருந்தும். அங்கே ஓட்டுநரின் சீட் பெல்ட் கொக்கி வலது இடுப்பில் வந்து உறையோடு மோதுவதால், இடுப்போரத்தை விட்டு அடிவயிற்றுக்கு முன்னால் அணியச் சொல்கிறார்கள். நம் ஓட்டுநருக்குக் கொக்கி இடப்பக்கம். வலது இடுப்பின் மேல் பட்டை மட்டுமே போகிறது. காரில் அதிகம் செல்லும் வலக்கைக்காரர் இடுப்போரத்தைத் துறக்க அந்தக் காரணம் இங்கே இல்லை. அடிவயிற்றில் அணிவது மறைவதற்கு நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குனிந்தால் குத்துகிறது, குழலின் முனை தொடை நரம்பை நோக்கி நிற்கிறது. தினமும் செருகி எடுக்கும் ஒருவரிடம் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

இருசக்கர வாகனத்தில் நிலைமை மாறுகிறது. காற்று சட்டையின் பின்பகுதியைத் தூக்கிவிடும். பின்னால் வருபவருக்கு வெளி உறை அப்படியே தெரியும். வண்டியிலேயே நாளைக் கழிப்பவருக்கு உள்ளே செருகும் கலப்பு உறைதான் சரி.

தோள்பட்டை உறையை நீண்ட நேரம் அலச வேண்டியதில்லை. கோட்டு அணியாத ஊரில் தோள்பட்டை உறைக்கு வேலை இல்லை.

வேட்டி, புடவை, சல்வார் அணிபவர்களின் சிக்கல் உண்மையானது. வேட்டியின் மேல் கட்டும் பை வைத்த அகல பெல்ட் துப்பாக்கியின் எடையைத் தாங்காது. நடக்க நடக்கச் சரியும். அவர்களுக்கு இருக்கும் வழி வயிற்றைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டை. 2014-இல் கான்பூரில் அறிமுகமான, 500 கிராம் எடையுள்ள ‘நிர்பீக்’ ரிவால்வரைப் போன்ற இலகுவானவற்றை அது தாங்கும். வெறும் துணிப்பை தைத்த பட்டை மட்டும் கூடாது. விசையை மூடும் கெட்டியான ஓடு உள்ளே இருக்க வேண்டும். வியர்வையில் ஊறும் என்பதால் மாற்றிக் கட்ட இன்னொன்றும் தேவை. கைப்பையில் வைப்பது வசதியாகத் தோன்றும். பையைப் பறித்துக்கொண்டு ஓடினால் துப்பாக்கியும் போய்விடும் என்பதால் நான் அதை முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன்.

ஆக, காரிலும் கடையிலும் நாளைக் கழிக்கும், சட்டையை வெளியே விடும் ரிவால்வர்காரருக்குப் பட்டை பதனிட்ட தோலில் வெளி உறை. பிஸ்டல் வைத்துக்கொண்டு வண்டியில் சுற்றுபவருக்குக் கலப்பு உறை என்பது என் தேர்வு. இரண்டுக்கும் ஒன்றரை அங்குல அகலத்தில், முறுக்கினால் எளிதில் வளையாத பெல்ட் வேண்டும். அலுவலகத்துக்குக் கட்டும் மெல்லிய பெல்ட்டில் எந்த உறையும் தொங்கத்தான் செய்யும்.

அளவு கொடுத்துத் தைக்கச் சொல்பவர் துப்பாக்கியைத் தோல் வேலைக்காரரிடம் விட்டுவிட்டு வரக் கூடாது. உரிமம் இல்லாதவர் கையில் அது இருப்பது குற்றம். தோட்டாக்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, காலியான துப்பாக்கியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுபோய், நனைந்த தோலை அதன்மேல் அழுத்தி வடிவம் எடுத்து முடியும்வரை அருகிலேயே இருந்து, கையோடு திரும்பக் கொண்டுவர வேண்டும். உறை முழுவதும் காய்ந்து வந்ததும், காலித் துப்பாக்கியோடு வீட்டிலேயே அணிந்து உட்கார்ந்தும் குனிந்தும் சாப்பாட்டு நேரம்வரை இருந்து பார்த்தால், எங்கே அழுத்துகிறது என்பது தெரிந்துவிடும். சாய்வையும் உயரத்தையும் மாற்றச் சொல்லித் தையல்காரரிடம் திரும்பப் போவதற்கு அதுவே சரியான நேரம்.