சேவல் விக்கப்போறவங்க இத படிச்சிட்டு வித்துக்கோங்க, 5,380 ரூபா போச்சு

வீட்டுல சேவல் அதிகமாயிட்டா என்ன பண்றதுன்னு விவரமா எழுதுறேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உக்காந்தேன், ஆனா இப்ப இருக்கிற எரிச்சல்ல வேற எதுவும் வரமாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை காலைல என் 9 சேவல ஒருத்தன் கூடைல போட்டு பைக்ல தூக்கிட்டுப் போயிட்டான். இன்னிக்கு புதன். 5,380 ரூபா வரல, இனி வரவும் போறதில்ல.

கதைய முதல்ல இருந்து சொல்றேன். ரெண்டு கோழிய ஒரே நாள்ல அடை வச்சோம், 20 முட்டை. உருண்ட முட்டைன்னா பெட்டை, கூரான முட்டைன்னா சேவல்னு எங்க அத்தை தேடித் தேடி உருண்டையா பொறுக்கி வச்சாங்க. 21ம் நாள் 17 பொரிச்சுது, பருந்தும் கீரியும் தின்னது போக 13 நின்னுச்சு. ரெண்டரை மாசத்துல கொண்டை செவக்க ஆரம்பிச்சதும் எண்ணிப் பாத்தா 9 சேவல், 4 பெட்டை! உருண்ட முட்டை கணக்க நம்புறவங்க இதையும் குறிச்சு வச்சுக்கோங்க.

பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். எங்ககிட்ட பழைய கோழி அஞ்சையும் சேத்து ஒம்போது பெட்டைக்கு பத்து சேவல். ஏறி ஏறி மிதிச்சு கோழிங்களுக்கு முதுகுல முடியே இல்ல, ஒரு கோழி பயந்துகிட்டு நாள் முழுக்க கொய்யா மரத்த விட்டு எறங்காது. காலைல மூணரைக்கு மூத்த சேவல் ஆரம்பிச்சா வரிசையா ஒம்போதும் முடிக்கிறதுக்குள்ள தெருவே முழிச்சிரும், பக்கத்து வீட்டு அண்ணன் மூணு தடவ சொல்லிட்டாரு. அறுத்து சாப்பிடலாம்னா பசங்க எல்லாத்துக்கும் பேரு வச்சு வளத்துட்டாங்க. கறிக்கடைல கிலோ 350க்கு கேட்டாங்க. இன்னும் கொஞ்சம் கூட வருமேன்னு போன்ல இருக்கிற ஒரு கால்நடை வாங்க-விற்க குரூப்ல போட்டோ போட்டேன். பேரு சொல்லல, ஆயிரம் பேருக்கு மேல இருக்கிற குரூப், அவ்ளோதான்.

அரை மணி நேரத்துல போன் வந்துச்சு. "அக்கா, 400 போட்டுக்கலாம், சண்டைக்கு எடுக்கல, வளப்புக்குத்தான்"னு பேச்சே பதமா இருந்துச்சு. மறுநாள் காலைல வந்தான், 28, 30 வயசு இருக்கும். அத்தைய அம்மான்னு கூப்பிட்டு தண்ணி வாங்கிக் குடிச்சான். அங்க நின்ன கோழி ஒண்ணப் புடிச்சு றெக்கைய விரிச்சு, பேன் இருக்குக்கா, கூட்டுல சாம்பலும் வேப்பந்தழையும் போடுங்கன்னான். அப்புறம் ஒண்ணு சொன்னான் பாருங்க, "இந்த ஒம்போதுல ஒண்ணக்கூட நீங்க நிறுத்தாதீங்கக்கா, கூடப்பொறந்த பெட்டையோடவே சேரும், குஞ்சு சோப்பையா வரும், வெளியில இருந்து வேற சேவல் வாங்கி விடுங்க". சரியான பேச்சு. எங்க வீட்டுக்காரரே அதத்தான் சொல்லிட்டு இருந்தாரு. அந்த ஒரு வார்த்தைலதான் நான் விழுந்தேன், இவ்ளோ விவரமானவன் ஏமாத்தவா போறான்னு.

தொங்குற டிஜிட்டல் தராசு அவனே கொண்டு வந்திருந்தான். சிவப்பு சேவல முந்தின நாள் வீட்டுக்காரர் கைல தூக்கிட்டு எடை மெஷின்ல ஏறி எறங்கிப் பாத்தப்ப 2 கிலோ காட்டுச்சு, அவன் தராசுல 1 கிலோ 600. எனக்கு அப்பவே சுருக்குன்னு இருந்துச்சு. மனுஷங்க நிக்கிற மெஷின்ல கோழிக் கணக்கு சரியா வராதுக்கான்னான், நானும் தலைய ஆட்டிட்டேன். மொத்தம் 14 கிலோ 200, 5,680 ரூபா. கைல இருந்த 300 ரூபாய குடுத்துட்டு மிச்சம் 5,380ஐ போன்ல அனுப்புறேன்னு நம்பர் கேட்டான். அடிச்சான், பச்சை டிக் வந்துச்சு, என் பேரு, 5,380, தேதி, நேரம் எல்லாம் கண்ணு முன்னாடி காட்டினான். எனக்கு மெசேஜ் வரல. ஞாயித்துக்கிழமை சர்வர் ஸ்லோக்கா, பத்து நிமிஷத்துல வந்துரும்னான், வெயில் ஏறுனா சேவல் செத்துரும்னு கூடைய கட்டிட்டான், நானே கேட்ட தொறந்து விட்டேன். நானே!

மதியம் போன் பண்ணா "வந்துரும்கா". சாயங்காலம் "24 மணி நேரத்துல வரலன்னா எனக்கே ரிட்டர்ன் ஆகும், திரும்ப போடுறேன்". திங்கக்கிழமை "உங்க பேங்க்ல கேளுங்க". பேங்க்ல கேட்டா அப்படி எந்த பணமும் வரலம்மா, அவன் காட்டுனது டூப்ளிகேட் ஆப்போட ஸ்க்ரீன்னு கேட்ட உடனே சொல்றாங்க. அதுக்கப்புறம் அவன் நம்பர்ல ப்ரொஃபைல் போட்டோ காணோம், கால் போகல. குரூப் அட்மின்கிட்ட சொன்னா, வாங்குறது விக்கிறது உங்க பொறுப்புன்னு ரூல்ஸ்லயே போட்டிருக்கோமேன்னு சொல்லிட்டு என் புகார டெலிட் பண்ணிட்டாரு, அவன் அதே குரூப்ல இருந்து அதுக்குள்ள நைசா கழண்டுட்டான். ஸ்டேஷன்ல ஒருத்தர் "கொழம்பு வச்சிருக்கலாமே"ன்னு சிரிக்கிறாரு. எனக்கு 5,380 ரூபா, ஏழு மாச தீவனம், உங்களுக்கு சிரிப்பு.

ஆன்லைன் பண மோசடிக்கு புகார் குடுக்கிற 1930 நம்பருக்கு அடிச்சு புகார் பதிஞ்சாச்சு, பாப்போம்.

விவரமா எழுதுறேன்னு சொன்னது இப்ப இவ்ளோதான் வருது. அவன் போன்ல காட்டுற டிக்க நம்பாதீங்க, உங்க கணக்குல ஏறுச்சான்னு நீங்க பாத்த பெறகுதான் கூடை வெளிய போகணும், இல்லன்னா ரொக்கம். அவன் தராசுல ஒரு கிலோ சர்க்கரை பாக்கெட்ட மாட்டிப் பாத்துட்டு அப்புறம் சேவல மாட்டுங்க. பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் போடுங்கன்னு எவனாச்சும் சொன்னா அங்கயே போன வச்சிருங்க. பைக் நம்பர போட்டோ எடுங்க, நான் எடுக்கல. சேவல்னு தெரிஞ்ச உடனே மூணு மாசத்துலயே தள்ளிவிடுங்க, 350ன்னாலும் தெரிஞ்ச கறிக்கடைக்கே குடுத்துருங்க, ரெண்ட குலதெய்வத்துக்கு நேந்துவிட்டாலும் சரிதான்.

திருச்சிப் பக்கம் சந்தைல யாராச்சும் சிவப்பு சேவல், வலது கால் நடுவிரல்ல நகம் இல்லாதது, பாத்தீங்கன்னா சொல்லுங்க. பையன் இன்னும் அதையே கேட்டுட்டு இருக்கான்.