தடுப்பூசிக்கான சோலார் குளிர்பதனப் பெட்டி: பேட்டரியோடா, பேட்டரி இல்லாமலா?

ஆப்பிரிக்க நாடான மலாவியின் தென்பகுதியில் மின்கம்பி எட்டாத சுகாதார நிலையங்களுக்குத் தடுப்பூசிக் குளிர்பதனப் பெட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்தபோது, மண்ணெண்ணெய்ப் பெட்டி, பேட்டரியோடு கூடிய சோலார் பெட்டி, பேட்டரியே இல்லாமல் சோலார் தகட்டிலிருந்து நேரடியாக இயங்கும் சோலார் பெட்டி என மூன்று வழிகள் இருந்தன. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். இன்று யார் கேட்டாலும் பெரும்பாலான இடங்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாவது மின்சாரம் வரும் இடத்தில் இந்த விவாதத்துக்கே வேலையில்லை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஐ.எல்.ஆர். என்று சொல்லப்படும், உட்சுவரில் பனிக்கட்டி அடுக்குள்ள பெட்டியே அங்கே போதும், விலையும் குறைவு. மண்ணெண்ணெய்ப் பெட்டியையும் விரைவாகக் கடந்துவிடலாம். எரிபொருளைத் தொடர்ந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், திரியைச் சீர்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும், தீ விபத்துக்கும் இடமுண்டு. இவற்றைவிடப் பெரிய குறை, அதன் வெப்பநிலை தடுப்பூசிக்குத் தேவையான 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் நிற்காமல் ஏறி இறங்குவதுதான். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்துவிட்டாலே வீரியம் இழக்கும். குப்பியின் மேல் ஒட்டப்பட்டுள்ள நிறம் மாறும் அடையாளம் வெப்பத்தால் நேர்ந்த சேதத்தைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது என்பதால், வீணான மருந்து குழந்தையின் தொடையில் ஏறுவதை அங்கே தடுப்பது கடினம்.

ஆக, உண்மையான போட்டி இரண்டு சோலார் பெட்டிகளுக்கு இடையில்தான். பேட்டரியுள்ள பெட்டிக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. இரவிலும் மேகமூட்டத்திலும் கம்ப்ரசர் ஓடும். தகடு, சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவி, பேட்டரி என்ற அமைப்பு அருகிலுள்ள நகரத்து மெக்கானிக்குக்குப் பழக்கமானது. புதிதாகப் பொருத்திய முதல் ஆண்டுகளில் அதில் குறை காண்பது கடினம்.

சிக்கல் அதன் பிறகு வருகிறது. ஈய-அமில பேட்டரிகள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். வெயிலும் கவனிப்பின்மையும் சேர்ந்தால் அதற்கும் முன்பே தளர்ந்துவிடும். பெட்டியை வாங்கித் தந்த நன்கொடைத் திட்டம் பெரும்பாலும் அதற்குள் முடிந்து, கணக்கும் முடிக்கப்பட்டிருக்கும். மாற்று பேட்டரிக்கான செலவு மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் தலையில் விழும். அந்த அலுவலகமோ ஆம்புலன்சுக்கு டீசல் போடவே திணறிக்கொண்டிருக்கும். பேட்டரியும் இறக்குமதிச் சரக்கு. 2023 நவம்பரில் மலாவி நாணயத்தின் மதிப்பு குறைக்கப்பட்டபோது ஒரு டாலரின் விலை சுமார் 1,180 குவாச்சாவிலிருந்து 1,700 குவாச்சாவாக உயர்ந்தது. குவாச்சாவில் போடப்பட்ட எந்தப் பராமரிப்பு நிதி ஒதுக்கீடும் அந்த அடியைத் தாங்கியிருக்காது. அப்படிக் கைவிடப்பட்ட பெட்டியொன்றை நான் திறந்து பார்த்திருக்கிறேன். கூரைமேல் தகடு பழுதின்றி இருந்தது. கீழே பேட்டரிகள் உப்பிப்போய், முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பெட்டிக்குள் பிரசவப் பதிவேடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேட்டரி இருக்கும் இடத்தில் அதிலிருந்து ஒரு கம்பி இழுத்து விளக்குப் போடத்தான் செய்வார்கள். கைபேசி வெளிச்சத்தில் பிரசவம் பார்க்கும் செவிலியர் அப்படிச் செய்வதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பேட்டரியின் ஆயுள் அதில் இன்னும் குறைகிறது.

நேரடி சோலார் பெட்டி இந்தச் செலவையே இல்லாமல் செய்துவிடுகிறது. 2010 வாக்கில் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் பட்டியலில் இடம்பெறத் தொடங்கிய இவ்வகையில், வெயில் உள்ளபோது கம்ப்ரசர் ஓடிப் பெட்டிக்குள்ளேயே நீரை உறையவைக்கிறது. மின்சாரத்துக்குப் பதிலாகக் குளிர் சேமிக்கப்படுகிறது. வெயிலே இல்லாவிட்டாலும் குறைந்தது மூன்று நாட்கள் வெப்பநிலை தாங்க வேண்டும் என்பது விதி. 4 டிகிரியில் நீரின் அடர்த்தி மிக அதிகம் என்ற இயல்பைப் பயன்படுத்தி, மருந்து உறையாதபடி வடிவமைத்த மாடல்களும் உண்டு. அன்றாடப் பராமரிப்பு என்று பார்த்தால் தகட்டின் தூசியைத் துடைப்பதும், நிழல் விழும் கிளையை வெட்டுவதும், பெட்டிக்குள் படியும் பனியை அவ்வப்போது அகற்றுவதுமே. இவற்றை நிலையத்துப் பணியாளர்களே செய்துகொள்ளலாம். உபரி மின்சாரத்தை விளக்குக்கும் கைபேசி சார்ஜுக்கும் பிரித்துத் தரும் புதிய அமைப்பைச் சேர்த்து வாங்கினால் பிரசவ அறையின் தேவைக்கும் ஓரளவு வழி பிறக்கும்.

குறைகளும் உண்டு. முதல் விலை அதிகம். பொருத்துவதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவும் கேவி கூட்டணி 2016இல் தொடங்கிய குளிர்பதனக் கருவித் திட்டம், பெட்டியோடு பொருத்தும் பணியையும் பயிற்சியையும் ஒரே விலைக்குள் சேர்த்துத் தருவது இதில் பெரிய உதவி. வாங்கும்போது இரண்டைக் கட்டாயம் கேட்க வேண்டும். சில மாடல்களில் மின்விசிறிக்கென்று ஒரு சிறிய பேட்டரி ஒளிந்திருக்கும். அது இருந்தால் பழைய தொல்லை வேறு வழியில் திரும்பும். சில மாடல்கள் ஐஸ் பேக் உறையவைக்காது; கிராமம் கிராமமாக முகாம் நடத்தும் நிலையத்துக்கு அது உதவாது. கொள்ளளவிலும் கஞ்சத்தனம் கூடாது: 2019 ஏப்ரலில் மலேரியா தடுப்பூசியை முதலில் வழங்கத் தொடங்கிய நாடு மலாவி, அதுவோ ஒரு குழந்தைக்கு நான்கு தவணை.

பத்தாண்டு கடந்த நேரடி சோலார் பெட்டியை நான் பராமரித்ததில்லை. ஆகவே அதன் கம்ப்ரசரும் மின்னணுக் கட்டுப்பாடும் முதுமையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் என் பரிந்துரை அனுபவத்தின் மேல் நிற்கவில்லை. தியோலோ, முலாஞ்சே மலைப்பகுதிகளில் குளிர்காலத்தில் மொசாம்பிக் பக்கமிருந்து வரும் சிப்பெரோனி என்னும் தூறலும் மூடுபனியும் நாட்கணக்கில் வெயிலை மறைக்கும். குளிர்ந்த பருவம் என்பதால் பனிக்கட்டி மெதுவாகவே உருகும் என்பது ஆறுதல்தான். இருந்தாலும் அங்கே ஆண்டின் மிக மோசமான மாதத்தைக் கணக்கிட்டுக் கூடுதல் தகடு வைத்தே வாங்குவேன், முதல் குளிர்காலம் முடியும்வரை கடைசி முப்பது நாள் வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் கருவியை வாராவாரம் பார்க்கச் சொல்வேன்.