‘விளம்பரம் இல்லை’ என்று காசு வாங்குகிறார்கள், ரேஸுக்கு அது செல்லாது

அமெரிக்காவில் நடக்கும் இண்டியனாபோலிஸ் 500 கார் பந்தயத்தைப் பார்க்க ஏதாவது ஸ்ட்ரீமிங் சேவையில் ‘விளம்பரம் இல்லாத’ திட்டத்துக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? விதிமுறையைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நான் கட்டிவிட்டுப் படித்தவன்.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். செட்டிப்பாளையம் கரி டிராக்கில் வெயிலில் நின்று ரேஸ் பார்த்து வளர்ந்தவன், இப்போது ஒஹையோவில் இருக்கிறேன். 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தது இந்த இண்டியனாபோலிஸில்தான். (அன்று ஓடியதே ஆறு கார்கள், அது வேறு கதை. இருந்தாலும் நம்ம ஊர்க்காரர்.) அதனால் மே மாதக் கடைசியில் நடக்கும் 500-ஐ விட மனசு வராது.

சாதாரணத் திட்டத்தைவிட மாதத்துக்குச் சில டாலர் கூட. போனால் போகிறது என்று கட்டினேன். பச்சைக் கொடி விழுந்து பத்து சுற்றுகூட ஆகவில்லை, இன்சூரன்ஸ் விளம்பரம். அப்புறம் பிக்கப் டிரக், மூட்டுவலி மாத்திரை, மறுபடி இன்சூரன்ஸ்.

கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் விளம்பரம் வருவது நமக்குப் பழகிப்போனது. அங்கே அடுத்த பந்து போடும்வரை ஆட்டம் நிற்கிறது. கார் நிற்குமா? இரண்டரை மைல் சுற்றை 40 விநாடி சொச்சத்தில் முடிக்கிறார்கள். இரண்டரை நிமிட இடைவேளையில் மூன்று சுற்றுக்கு மேல் போச்சு. மொத்தம் 200 சுற்று, மூன்று போனால் என்ன என்று என் மனைவியும் கேட்டாள். விஷயம் எந்த மூன்று என்பதில் இருக்கிறது. ஒரு டாங்க் எரிபொருள் ஏறக்குறைய 30 சுற்றுதான் தாங்கும். அதனால் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் அடுத்தடுத்து எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் பிட்டுக்குள் வருவார்கள். யார் ஒரு சுற்று முந்தி வந்தார், யார் இழுத்துப் பிடித்தார் என்பதில்தான் இடங்கள் மாறும். அன்று அந்த நேரம் பார்த்து இடைவேளை விட்டார்கள். திரும்பி வந்தால் ஆறாவதாக இருந்தவர் இரண்டாவதாக ஓடுகிறார். எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

சில இடைவேளைகளில் திரையைப் பிரித்துக் காட்டினார்கள். பெரிய பெட்டியில் சத்தத்தோடு விளம்பரம், மூலையில் தபால்தலை அளவில் ரேஸ், அதுவும் ஊமைப்படமாக.

அந்தச் சேவையின் உதவி சாட்டில் கேட்டேன். நேரலைக்கு இந்தத் திட்டம் பொருந்தாது, விதிமுறையிலேயே சொல்லியிருக்கிறோம் என்றார்கள். போய்ப் பார்த்தேன். சொல்லித்தான் இருக்கிறார்கள்: திட்டத்தின் பெயர் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அதற்கான விளக்கம் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில்.

ஒளிபரப்பு உரிமைக்குக் கொட்டிய பணத்தை எடுக்க வேண்டும், சரி. ஆனால் 2018-இல் இஎஸ்பிஎன் அமெரிக்காவில் ஃபார்முலா 1 பந்தயங்களை நடுவில் விளம்பரமே இல்லாமல் காட்ட ஆரம்பித்தது. ஒரு கார் பாலிஷ் கம்பெனி ஸ்பான்சராக வந்தது, முடிந்தது வேலை. இங்கே நானே என் பங்கைக் கட்டியும் நடக்கவில்லை.

ரேஸுக்காக மட்டும் சேருகிறீர்கள் என்றால் மலிவான திட்டமே போதும், இரண்டிலும் அதே விளம்பரங்கள்தான். ஆண்டுச் சந்தா வேண்டவே வேண்டாம். போனில் இண்டிகார் (இண்டியனாபோலிஸ் 500 இடம்பெறும் பந்தயத் தொடர்) ஆப்பின் நேரடி டைமிங்கை ஓடவிட்டால், திரையில் மாத்திரை விற்கும்போதும் யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரியும்.

பணம் திரும்ப வரவில்லை. சந்தாவை ரத்து செய்யும் பொத்தான் எனக்கு டிவி ஆப்பில் கிடைக்கவில்லை, கம்ப்யூட்டரில் கணக்குப் பக்கத்துக்குள் நாலு திரை தாண்டி இருந்தது. தானாகப் புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே அதைத் தேட ஆரம்பியுங்கள்.