கிட்டாருக்கு ட்யூனர் மாட்டக் கொடுக்கிறீர்களா? திரும்ப வாங்கும்போது சுற்றுகளை எண்ணிப் பாருங்கள்

வீட்டில் சொந்தமாகக் கிட்டார் செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சென்னையில் வாத்தியங்கள் பழுது பார்க்கும் ஒரு கடையில் ட்யூனர், அதாவது கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு, மாட்டக் கொடுத்தேன். கொடுத்த பொருள் பறிபோனதோடு, ட்யூனர்கள் உட்காரும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கும் பாழாகிவிட்டது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

மகோகனிக் கழுத்து. ஹெட்ஸ்டாக்கின் முன்னும் பின்னும் மெல்லிய ஈட்டி மரத் தகடு ஒட்டி, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றியிருந்தேன். ட்யூனருக்கான ஆறு துளைகள் மட்டுமே பாக்கி. அவை இம்மியும் சாயாமல் நேராக விழ வேண்டும். கையில் பிடிக்கும் டிரில்லில் அது நடக்காது. தூணில் பொருத்தி நேராக இறங்கும் பில்லர் டிரில் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னதால்தான் கொடுத்தேன். ட்யூனர்களும் என்னுடையவையே: ஜப்பான் தயாரிப்பு, மூடிய உறை, 18:1 விகிதம். பெட்டியின் படமும் வாங்கிய பில்லும் பத்திரமாக இருக்கின்றன.

திரும்பி வந்தபோது பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கம்பி மாட்டிச் சுருதி சேர்க்க உட்கார்ந்தபோதுதான் நெருடியது. ட்யூனரைக் கையால் திருப்பும் பொத்தானை லேசாகத் தொட்டாலே சுருதி தாண்டிப் போயிற்று. 18:1 என்றால் பொத்தானை 18 முறை திருப்பும்போது கம்பி சுற்றும் தண்டு ஒரே ஒரு முறைதான் சுழல வேண்டும். ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, தண்டின் உச்சியில் ஓரமாக மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பிப் பார்த்தேன். 14-லேயே புள்ளி புறப்பட்ட இடத்துக்கு வந்துவிட்டது. மற்ற ஐந்திலும் அதே கணக்கு. 14:1 மட்டம் என்று சொல்லவில்லை, அந்த விகிதத்தில் எத்தனையோ தரமான ட்யூனர்கள் இருக்கின்றன. நான் கொடுத்தது அதுவல்ல, அவ்வளவுதான். பிறகு உற்றுப் பார்த்தால் உறையின் முதுகில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்றிருக்கலாம். தடித்த ஆறாவது கம்பியை முறுக்கும்போது ட்யூனர் முழுவதுமே மரத்தின் மேல் மெல்லத் திரும்பியது. எஃகுக் கம்பி ஒவ்வொன்றும் 10 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பில் உறை சுழலாமல் பிடித்துக்கொள்வது பின்பக்கத்துச் சின்னத் திருகாணி. அதில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். திருகாணியின் தலை மட்டும் பொட்டுப் போலக் கழன்று கையோடு வந்தது. அடியில் வெள்ளையாகக் காய்ந்த சூப்பர் குளூ! ஈட்டி மரத்தில் முன்துளை, அதாவது திருகாணிக்கு வழிவிடும் சிறு துளை, போடாமல் திருகியிருக்கிறார்கள். திருகாணியின் தண்டு மரத்துக்குள்ளேயே முறிந்திருக்கிறது. தலையைப் பசை போட்டு ஒட்டி அனுப்பிவிட்டார்கள். சுமார் 1.5 மில்லிமீட்டர் முன்துளையும், திருகாணியின் மரையில் கொஞ்சம் மெழுகும் போதும், முறியாது. இது தெரியாதவர் கடை வைத்திருக்க மாட்டார்.

ட்யூனரைக் கழற்றினால் அடுத்த அழகு. ட்யூனருக்கு 10 மில்லிமீட்டர் துளை போடும்போது பின்னால் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக் கிளாம்ப் போட வேண்டும். போடவில்லை. டிரில் வெளியேறிய இடத்தில் தகடு பிய்ந்து சிலாம்பு சிலாம்பாகத் தெறித்திருக்கிறது. உறை மூடிக்கொள்ளும் என்கிற தைரியம்.

கொண்டுபோய்க் காட்டினேன். "எல்லா கீயும் ஒன்றுதான் சார், பெட்டியில் இருந்ததைத்தான் மாட்டினோம்" என்றார் கடைக்காரர். ட்யூனரைத்தான் கீ என்கிறார். அப்படியானால் பெட்டி எங்கே? குப்பையில் போட்டுவிட்டார்களாம். மீந்த வாஷர், திருகாணி? அதுவும் குப்பைக்குத்தானாம். படத்தைக் காட்டியதும் குரல் மாறியது: "நீங்களே வீட்டில் செய்த கிட்டார்தானே சார், அதற்குப் போய் ஏன் இவ்வளவு பேச்சு?" கடையில் வாங்கிய கிட்டாருக்கு இப்படிச் செய்திருப்பாரா என்று கேட்டேன். வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், ட்யூனரின் பெயரையும் விகிதத்தையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். முனகுவார்கள், விடாதீர்கள். ஒவ்வொரு உறையின் அடியிலும், மரத்தோடு ஒட்டும் பக்கத்தில், மார்க்கரால் ஓர் அடையாளம் வைத்துவிடுங்கள். காலிப் பெட்டியும் மீந்த சாமான்களும் திரும்பி வர வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். துளை போடும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது என்று சொல்லும் கடையானால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். திரும்ப வாங்கும்போது கூச்சப்படாமல் அங்கேயே நின்று சுற்றுகளை எண்ணுங்கள். கம்பி மாட்டாதபோது ஒரு நிமிட வேலை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். அது போனவுடன் கடையிலிருந்து அழைப்பு வந்தது: கூலியில் பாதியைத் தருகிறாராம். ட்யூனர்களைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்தை நாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். முறிந்த திருகாணியை எடுக்க, அதைச் சுற்றிக் குழல் பிட்டால் (நடுவில் உள்ளீடற்ற டிரில் முனை) குடைந்து, மரக்குச்சி அடைத்து, புதிதாக முன்துளை போட வேண்டும் என்று வேறொரு பட்டறையில் சொன்னார்கள். அந்தச் செலவையும் மனுவில் சேர்க்கிறேன்.