நாலு வாடை கண்ட வெட்சூட்டும் என் முன்கையும்

போன வாரம் திருமங்கலத்து நண்பன் போன் பண்ணினான். "மாப்ள, நீ போடுற அதே வெட்சூட் இப்ப விலை இறங்கியிருக்கு. வாங்கவா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. அன்றைக்குத்தான் அந்தச் சூட்டின் இரண்டு கைகளையும் பிரித்துத் தைத்து, டெய்லரிடமிருந்து வாங்கி வந்திருந்தேன். எரிச்சல் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். எழுதியே சொல்லிவிடுகிறேன் என்று போனை வைத்தேன்.

வெட்சூட் என்பது தண்ணீரில் குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடுகிற ரப்பர் உடை. பாய் கட்டிய போர்டில் நின்று காற்றில் ஓட்டுகிற விண்ட்சர்ஃபிங்குக்காக 2022 கார்த்திகையில் வாங்கினேன். கனம் நெஞ்சிலும் முதுகிலும் 3 மில்லிமீட்டர், கை காலில் 2 மில்லி, முதுகில் ஜிப். இந்த மாசியோடு நாலு வாடைப் பருவம் ஆகிறது. சனிக்கிழமை விடிய நாலு மணிக்கு மதுரையில் கிளம்பினால், மானாமதுரை தாண்டி, பரமக்குடியில் ஒரு டீ, எட்டு மணிக்கெல்லாம் ராமேஸ்வரம் தீவில் தண்ணீரில் இறங்கிவிடலாம். போர்டும் பாயும் அங்கேயே தெரிந்தவர் வீட்டில் இருக்கின்றன. என்னோடு போய் வருவது இந்தச் சூட் மட்டும்தான்.

நம்ம ஊர்க் கடலுக்கு எதற்கு வெட்சூட் என்று எல்லோரும் கேட்பார்கள். தை, மாசியில் அந்தத் தீவைச் சுற்றித் தண்ணீர் 25, 26 டிகிரி இருக்கும். காலை நனைத்துப் பார்த்தால் இதமாகத்தான் தெரியும். ஆனால் உடம்பு 37 டிகிரி. அதே குளிர்ச்சியில் இருக்கும் காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதில் ஒரு மணி நேரம் கிடந்து, நனைந்த உடம்போடு எழுந்து நின்று, 20 நாட் காற்றில் போர்டு ஓட்டிப் பாருங்கள். 20 நாட் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். மேலே இருக்கிற ஒவ்வொரு சொட்டும் ஆவியாகும்போது உடம்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். முதல் வருஷம் வெறும் டீஷர்ட்டோடு இறங்கி, பல் கிட்டித்து, பாயின் குறுக்குக் கைப்பிடியான பூமைப் பிடித்த விரல்களை விரிக்க முடியாமல் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டி சொல்லிக் கேட்டதுண்டு. அந்த மாசி வாடை ஈர உடம்பை என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பருவக் கடைசியில் குளிர் கூடத்தான் செய்கிறது. டிகிரிக் கணக்கில் இல்லை. தையில் வாடை நாள் முழுக்க ஒரே சீராக அடிக்கும், ஓட்டிக்கொண்டே இருப்போம், உடம்பு சூடாகவே இருக்கும். மாசி பாதி தாண்டிவிட்டால் காற்றை நம்ப முடியாது. அரை மணி நேரம் அள்ளிக்கொண்டு போகும், அப்புறம் பாய் தொங்கிவிடும். இடுப்பளவு தண்ணீரில் போர்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீச்சுக்குக் காத்து நிற்க வேண்டும். குளிர் உள்ளே இறங்குவது அந்த நேரத்தில்தான்.

அந்த விஷயத்தில் இந்தச் சூட்டைக் குறை சொன்னால் வாய் அழுகிப் போகும். நியோபிரீன் என்பது உள்ளே லட்சக்கணக்கில் நுண்குமிழி அடைத்த ரப்பர். உடம்பின் வெப்பத்தைக் காப்பது அந்தக் குமிழிகள்தான். உள்ளே கொஞ்சம் தண்ணீர் போகத்தான் செய்யும். அந்த மெல்லிய படலத்தை உடம்பே சூடாக்கி வைத்துக்கொள்ளும், அது வெளியே ஓடிப்போகாமல் இருக்கிற வரை கவலை இல்லை. என் சூட்டில் ஜிப் பக்கம் கொஞ்சம் கசியும். விழுந்து எழுந்தால் முதுகுத்தண்டில் ஒரு சில்லிப்பு ஓடும், பத்து நொடியில் போய்விடும். நெஞ்சுப் பக்கம் துணி ஒட்டாத வழவழப்பு ரப்பர். தண்ணீர் அதில் நிற்காமல் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். காய வேண்டிய ஈரமே இல்லாததால் காற்று நெஞ்சை அவ்வளவாகக் குளிரவைக்காது. ரெண்டு பக்கமும் துணி போட்ட சூட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நடுங்கவைக்கும். காற்று விளையாட்டுக்கு வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. நாலு பருவத்தில் ஒரு தையல்கூட விடவில்லை.

சரி, இப்போது கைக்கு வருகிறேன்.

முதல் பருவம் முழுக்க, இருபது நிமிஷம் ஓட்டினால் போதும், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் கை கல்லாகிவிடும். விரல் பூமைச் சுற்றி நிற்காது. கரைக்கு வந்து சூட்டைத் தோள்வரை உரித்தால், தையல் இருந்த இடம் சிவப்புக் கோடாக முன்கையில் பதிந்திருக்கும். அதை அழுத்திப் பார்த்தால் வலி எலும்பு வரை போகும். நான் என் பிடியைத்தான் சந்தேகப்பட்டேன். புதிதாகக் கற்பவர்கள் பூமை இறுக்கிப் பிடிப்பார்கள் என்று சொல்வது உண்மையும்கூட. இடுப்புக் கொக்கியை மாட்டிக்கொள்ள பூமில் கட்டுகிற ஹார்னஸ் கயிற்றை நீளமாக்கினேன். பின் கையை உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி மாற்றிப் பிடித்தேன். விட்டம் குறைந்த பூம் தேடி வாங்கினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. இப்படியே ஒன்றரைப் பருவம் போனது.

விஷயம் பிடிபட்டது தற்செயலாக. ஒரு நாள் சூட்டை மறந்துவிட்டுப் போய், அங்கே ஒருவரிடம் அரைக்கை சூட் கடன் வாங்கிப் போட்டேன். அதே பாய், அதே காற்று. ஒரு மணி நேரம் ஆகியும் கை வலிக்கவில்லை. குளிரில் நடுங்கினேன், ஆனால் பிடி தளரவில்லை. இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைச் சதைக்குள் ரத்தம் பாய்ந்து சதை உப்பும். உப்ப இடம் வேண்டும். சுற்றிலும் இறுக்கமான ரப்பர் குழாய் இருந்தால் ரத்தம் திரும்பிப் போவது தடைப்படும், சதை மரத்துப்போகும். அலைச்சறுக்குக்கு இந்தக் கை பொருந்தும், கையால் துழாவிப் போகிறவனுக்குத் தண்ணீர் உள்ளே நுழையக் கூடாது. மணிக்கணக்கில் பூமைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு முன்கை தளர்வாக இருக்க வேண்டும். பெட்டியின் மேலே பாய் போட்ட போர்டின் படம் அச்சடித்து விற்கிற கம்பெனிக்கு இது தெரியாதா? எழுதிக் கேட்டேன். "ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்" என்று பதில் வந்தது. ஒரு சைஸ் பெரிதானால் இடுப்பிலும் கழுத்திலும் தண்ணீர் வாளியாக ஏறும், அப்புறம் சூட் எதற்கு?

மாசியில் இது இன்னும் மோசம். காற்று குறைவதால் பெரிய பாய் போட வேண்டும். வாடைக் காலத்தில் வடகடல் பக்கம் அலை புரளும். அதனால் தீவின் தென்கடல் பக்கம், தரைக்குப் பின்னால், கண்ணாடி மாதிரி கிடக்கிற தண்ணீரில்தான் நான் ஓட்டுவேன். பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போதே இடது பக்கம் வெள்ளை நுரையும் வலது பக்கம் வழவழப்பும் தெரிந்துவிடும். ஆனால் தரையைத் தாண்டி வருகிற காற்று வெட்டி வெட்டித்தான் வரும், அதுவும் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. கை மரத்தால் திரும்பி வர முடியாது. ஒரு தடவை பாயை எழுப்ப முடியாமல், போர்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு மிதந்திருக்கிறேன். அந்த அரை மணி நேரத்துக்கு அந்தக் கம்பெனியை நான் மன்னிக்கப்போவதில்லை.

இந்த மாசியில் சூட்டை எடுத்துக்கொண்டு மதுரை குன்னத்தூர் சத்திரத்துக் கடைகளுக்குப் போனேன். புது மண்டபத்தில் இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத் தைக்கிற டெய்லர் இப்போது அங்கே இருக்கிறார். கையை விரலால் நிமிண்டிப் பார்த்தார். "தம்பி, இது துணி இல்ல, ரப்பரு. ஊசி போன ஓட்டை மூடாது. அப்படியே தைச்சா ஒழுகும்." வெட்சூட்டையே அதற்கு முன் பார்த்திராத மனிதர். தையலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "அவன் முழுசாக் குத்தல பாருங்க. ஹெம்மிங் மாதிரி பாதி கனத்துலயே ஊசியத் திருப்பியிருக்கான்." ஓரத்தை முதலில் ஒட்ட வேண்டும் என்றேன். பக்கத்துத் தெருவில் செருப்புத் தைப்பவரிடம் சொல்யூஷன் வாங்கி வரச் சொன்னார். செருப்புக்குப் போடுகிற அந்த மஞ்சள் பசையில் பெரும்பாலும் இருப்பதும் நியோபிரீன் வகை ரப்பர்தான்.

பழைய அரைக்கை சூட் ஒன்றிலிருந்து, மூன்று விரல் அகலத்தில், மேலே அகலமாகவும் மணிக்கட்டில் கூராகவும் இரண்டு நீலப் பட்டைகள் வெட்டினோம். முன்கையின் உள்பக்கத் தையலைப் பிரித்து, ரெண்டு ஓரத்திலும் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, இன்னொரு பூச்சு பூசி, அதுவும் காய்ந்தபின் ஓரத்தோடு ஓரம் வைத்து அழுத்தினோம். மறுநாள் அவர் கையாலேயே, பாதி கனத்தில், பொறுமையாகத் தைத்துக் கொடுத்தார். நானூறு ரூபாய் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டு ஓட்டினேன். இரண்டு மணி நேரம். காற்று விழுந்து எழுந்து வந்தது, இடையில் நின்று காத்தேன், குளிரவில்லை. கரைக்கு வந்து உரித்துப் பார்த்தேன். முன்கையில் கோடு இல்லை. விரலை விரித்து மூடினேன், விரல் கேட்டது. பட்டை வழியாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடவே கோபமும் இரண்டு மடங்கானது. மூன்று விரல் ரப்பர். அதை வைத்துத் தைக்காததால் என் மூன்று பருவம் போனது.

பராமரிப்பு பற்றி ரெண்டே விஷயம். மொட்டைமாடி வெயிலில் காயப்போடாதீர்கள். அம்மா ஒரு மாசி மத்தியானம் நல்ல மனசோடு காயப்போட்டார், தோள் பக்கத்து வழவழப்பு ரப்பர் வெடிப்பு விட்டது. உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் போடுங்கள். சூட்டுக்குள் காலை நுழைக்கும்போது ஒரு பாலிதீன் பையைப் பாதத்தில் மாட்டிக்கொண்டால் சர்ரென்று இறங்கும்.

மாப்ள, உன் கேள்விக்கு வருகிறேன். வாங்காதே. எவ்வளவு விலை இறங்கினாலும் வேண்டாம். வேறு எதை வாங்கினாலும் போட்டுப் பார்த்து, ஏதாவது குழாயையோ கம்பியையோ ரெண்டு நிமிஷம் இறுக்கிப் பிடி. முன்கையில் ரெண்டு விரல் நுழையவில்லை என்றால் கழற்றிக் கொடுத்துவிட்டு வா. அப்புறம், என்னுடையதை ஒரு வாரத்துக்குத் தா என்று கேட்காதே. கழுவி, பவுடர் போட்டு, கட்டிலுக்கு அடியில் மடிக்காமல் நீட்டி வைத்துவிட்டேன். கார்த்திகையில் எனக்கு வேண்டும்.