பூட்டுள்ள பீரோவும் கதவுள்ள அறையும்: சென்னையில் சமூக ஆய்வுக்கான பொது இடங்களை ஆறு ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

2018 சூலையில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்து, 2024 பிப்ரவரியில் வாய்மொழித் தேர்வை முடித்தேன். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களில், வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. இந்தக் காலத்தில் துறையின் ஆய்வாளர் அறை, பல்கலைக்கழகக் கணினி ஆய்வகம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அடையாறில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகம், கடைசி ஓராண்டில் பழைய மாமல்லபுரம் சாலையில் நாள் வாடகைக்கு எடுத்த ஒரு மேஜை என்று பல இடங்களில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். இப்போது ஆய்வைத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்பது, எங்கே போய் எழுதுவது, யாரிடம் உதவி கேட்பது என்பதைத்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் வேலையின் தன்மையைச் சொல்லிவிட வேண்டும். இடங்களைப் பற்றிய என் மதிப்பீடு முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது. 240 குடும்பங்களிடம் 12 பக்க வினாநிரலைக் கொண்டு கணக்கெடுப்பு நடத்தினேன். 58 பெண்களிடம் விரிவாகப் பேசி ஒலிப்பதிவு செய்தேன். எந்த அடுக்குமாடியில் வேலை, மாதம் எவ்வளவு சம்பளம், முதலாளியம்மா எப்படி நடத்துகிறார், கடன் யாரிடம் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருந்தன. பேசத் தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும், உங்கள் பெயரும் நீங்கள் வேலை செய்யும் வீடும் வெளியே தெரியாது என்று சொல்லி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியிருந்தேன். அந்தப் படிவம் தவறானவர் கையில் கிடைத்தால் ஒருவருடைய வேலை போகும். நூலைப் படித்து எழுதும் ஆய்வாளருக்கு நல்ல வெளிச்சமும் ஒரு நாற்காலியும் போதும். பிறர் நம்பிச் சொன்னதைப் பையில் சுமந்து திரிகிறவருக்குப் பூட்டுள்ள ஒரு பீரோவும், கதவைச் சாத்திக்கொண்டு பேசவும் கேட்கவும் ஓர் அறையும் வேண்டும். நான் பயன்படுத்திய இடங்களில் இவ்விரண்டையும் சேர்த்துத் தந்தது ஒன்றுகூட இல்லை.

துறையின் ஆய்வாளர் அறையில் நாங்கள் பதினொரு பேர், மேஜைகள் நான்கு. களத்துக்குச் செல்கிறவர்கள் தினமும் வருவதில்லை என்பதால் இடநெருக்கடி அவ்வளவாகத் தெரியவில்லை. ஐந்து மணிக்கு அலுவலக உதவியாளர் அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவார் என்பதுதான் பெரிய குறை. களத்திலிருந்து மாலை திரும்பி, அன்றைய குறிப்புகளை மறப்பதற்குள் எழுத உட்காரலாம் என்றால் முடியாது. ஒரு மர அலமாரி இருந்தது, பூட்டு இல்லை. 2019-இல் பல்கலைக்கழகத்தைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவின் வருகைக்காக அறைக்கு வெள்ளையடித்தபோது, அலமாரியைக் காலி செய்து உள்ளே இருந்த கட்டுகளை வராந்தாவில் அடுக்கிவிட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது என் வினாநிரல் கட்டு ஒன்று பழைய பேப்பர் குவியலோடு சேர்ந்திருந்தது. எண்ணிப் பார்த்ததில் ஏழு குடும்பங்களின் தாள்கள் இல்லை. தகவல் போனது ஒரு பக்கம். அந்த ஏழு தாள்களும் எந்தக் கடையில் எதைப் பொட்டலம் கட்டப் போயினவோ என்ற எண்ணம் வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. எது ஆய்வுத் தரவு, எது குப்பை என்று சுத்தம் செய்ய வந்தவருக்குச் சொல்லும் ஒரு சீட்டுகூட அந்த அறையில் இல்லை, அதை ஒட்டியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. அன்றிலிருந்து படிவங்களைத் தனியாகப் பிரித்து வீட்டு பீரோவில் வைத்தேன். வினாநிரல்களில் பெயருக்குப் பதில் எண்ணை எழுதி, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலை வேறிடத்தில் வைத்தேன். முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் பணிக்கு அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத்தான் பெரும்பாலும் நம்பியிருந்தேன். 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அந்த நூலகத்தில், சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. குளிர்வசதி, குடிநீர், சுத்தமான கழிப்பறை, மலிவான உணவகம் எல்லாம் இருக்கின்றன. ஒரு பெண் காலையிலிருந்து இருட்டும்வரை எவருடைய கேள்விக்கும் ஆளாகாமல் உட்கார்ந்திருக்க இந்நகரத்தில் அதற்கு இணையான இடம் எனக்குத் தெரியவில்லை. என்னைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறவர்கள், அவர்களுடைய ஒழுங்கு நமக்கும் தொற்றிக்கொள்ளும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க எனக்கு ஏழு மணி நேரம் ஆனது, சில பதிவுகளுக்கு அதற்கும் மேல். ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைச் செய்யலாம். ஆனால் காலை பதினொரு மணி வாக்கில், ஒரு வீட்டு வேலை முடிந்து அடுத்த வீட்டுக்குப் போகும் இடைவெளியில், "கண்ணு, இப்ப பேசலாமா, அன்னிக்கு ஒன்னு சொல்லாம விட்டுட்டேன்" என்று யாராவது அழைப்பார்கள். அந்த அழைப்பைத் தவறவிட்டால் அந்தச் செய்தி மறுபடி வராது. வெளியே ஓடிப் படிக்கட்டில் நின்று, கடந்து போகிறவர்களின் காதில் விழாமல் குரலைத் தாழ்த்திப் பேசியபடி, முழங்காலில் நோட்டை வைத்து எழுதியிருக்கிறேன். நூலகத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அது வாசிப்பவருக்காகக் கட்டியது.

தானாக எழுத்தாக்கும் மென்பொருள்களைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இணைய வழியில் இயங்குபவற்றை நான் பயன்படுத்தவில்லை, ஏனெனில் ஒலிப்பதிவு எங்கோ உள்ள ஒரு வழங்கிக்கு (சர்வருக்கு) போவது நான் கொடுத்த வாக்குக்கு முரண். 2022 இறுதியில் விஸ்பர் என்ற மென்பொருள் வந்தபின், இணையம் இல்லாமல் நம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க முடிந்தது. மேடைத் தமிழை ஓரளவு பிடித்தது. கண்ணகி நகரில் இரண்டு குழந்தைகளின் சத்தத்துக்கும் மிக்ஸி இரைச்சலுக்கும் நடுவே வேகமாகப் பேசும் பெண்ணின் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. திருத்துவதைவிட முதலிலிருந்து எழுதுவதே எனக்கு விரைவாக இருந்தது.

தரமணி நூலகமும் அடையாறு நிறுவனமும் வேறு வகை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா ஒரு வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல் இங்கேயே பாதுகாக்க ஏற்பாடு செய்ததால் 1994-இல் உருவானது ரோஜா முத்தையா நூலகம். என் ஆய்வுக்கு அது நேரடியாக வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். பழைய பெண்கள் இதழ்களில் "வேலைக்காரி வைத்துக்கொள்வது எப்படி" என்ற பாணியில் வந்த அறிவுரைகளைப் பார்த்தபின் என் இரண்டாம் இயலே மாறிப்போனது. மால்கம் ஆதிசேசையா 1971-இல் நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் நூல்களைவிட எனக்குப் பயன்பட்டவை அங்கு நடக்கும் கருத்தரங்குகள். பார்வையாளராகப் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். முடிந்தபின் தேநீர் நேரத்தில், நம் நெறியாளர் கேட்காத கேள்வியை யாராவது கேட்பார். இத்தகைய இடங்களுக்குப் போகும்போது துறைத்தலைவரின் அறிமுகக் கடிதம், போனஃபைடு சான்றிதழ், அடையாள அட்டையின் நகல், இரண்டு புகைப்படங்கள் ஆகியவை எப்போதும் பையில் இருக்கட்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் அறிமுகக் கடிதம் தேவை. ஒரு சிறு குறிப்பு: கண்ணகி நகர் போன்ற குடியிருப்புகளைக் கட்டும் அரசு வாரியம் 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல்தான் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது, ஆகவே எந்த நூலக அட்டவணையிலும் பழைய பெயரில் தேடுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நூலகரின் புன்னகை தேவைப்பட்டது.

நாள் வாடகை மேஜையைப் பற்றி முதலில் ஏளனமாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு நாளைக்கு 450 ரூபாய். ஆய்வு உதவித்தொகையில் அது பெரிய தொகை. ஆனால் அங்கே ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய, ஒலி வெளியே போகாத கண்ணாடிக் கூண்டுகள் மூன்று இருந்தன. வாடிக்கையாளரிடம் போனில் பேசும் விற்பனைப் பிரிவினருக்காகச் செய்தவை அவை. பல்கலைக்கழகம் ஆறு ஆண்டுகளாகத் தராத கதவை, கடன் அட்டை விற்கிறவர்களுக்காகக் கட்டிய கூண்டில் கண்டேன். மீதமிருந்த தொலைபேசி உரையாடல்களை எல்லாம் பதினெட்டு நாள்களில் அங்கே முடித்தேன். மின்தடை இல்லை, இணையம் வேகமானது. பூட்டுள்ள பெட்டிக்கு மட்டும் தனிக் கட்டணம் கேட்டார்கள், கொடுக்கவில்லை. களப்பணியில் இருக்கும்போது மாதவாடகை கட்டி வைப்பது வீண். எழுதி முடிக்கும் கடைசி மாதங்களில், தேவையான நாள்களுக்கு மட்டும் எடுப்பதே சரி.

இடத்தைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தவர்கள் மனிதர்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்புத் தரவு புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டுவேலை செய்வோர் தேசியத் தொழில்துறை வகைப்பாட்டின் (என்.ஐ.சி.) 97-ஆம் பிரிவில் வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் பதிவிறக்கியபோது வந்தது இடைவெளி இல்லாமல் நீளும் எண் வரிசை. எந்த இடத்தில் எந்தத் தகவல் என்பதைத் தனிக்கோப்பைப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது, அதன்பின் ஒவ்வொரு மாதிரியும் எத்தனை பேருக்குச் சமம் என்று காட்டும் பெருக்கெண்ணைச் சேர்க்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் தடுமாறியபின், புள்ளியியல் துறையில் ஒரு பேராசிரியர் வியாழன் பிற்பகல்களில் எந்தத் துறை மாணவர் வந்தாலும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அரை மணி நேரத்தில் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் கோப்பைத் திறந்து காட்டியவர், "சென்னை மாவட்டத்துக்கு மட்டும் பிரித்தால் உங்களுக்குக் கிடைக்கும் மாதிரி மிகச் சிறியது, அதை வைத்து எதையும் சொல்லாதீர்கள்" என்றார். என் இயலில் நான்கு பக்கத்தை அந்த ஒரு வாக்கியம் அழித்தது. நல்லவேளை, தேர்வாளர் அழிக்குமுன் அழித்தது. அது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத உதவி. அவர் ஓய்வுபெற்றதும் அதுவும் நின்றுவிட்டது. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் நடக்கும் பத்து நாள் ஆய்வு முறையியல் பயிற்சியும் நல்லதுதான், ஆனால் சொந்தத் தரவு கையில் இல்லாத முதலாண்டில் போய்ப் பயனில்லை. கணக்கெடுப்பு முடிந்தபின் போங்கள்.

பல்கலைக்கழக வாசல்களில் உள்ள தீசிஸ் சென்டர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அச்சுக்கும் பைண்டிங்குக்கும் அவர்களை விட்டால் வேறு வழியில்லை. பக்க எண், ஓரம், உள்ளடக்கப் பட்டியல் எல்லாவற்றையும் இரவோடு இரவாகச் சரிசெய்து தருவார்கள். வினாநிரலை வாங்கி எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் அட்டவணையாக்கித் தருவதும் அவர்கள் தொழில்தான். இரண்டு விவரங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை எதற்கென்றே தெரியாமல் முப்பது அட்டவணைகளோடு வாய்மொழித் தேர்வில் நிற்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய கவலை, பெயரும் முகவரியும் உள்ள தாள்கள் அந்தக் கடையில் பல நாள் கிடப்பது. பகுப்பாய்வுக்கு ஆள் வைத்தே ஆக வேண்டுமென்றால், அடையாளங்களை நீக்கிய கோப்பை மட்டும் கொடுங்கள்.

கருத்துத்திருட்டுச் சோதனை நூலகத்தின் கட்டாய சேவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஒப்புமை பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை; அதைத் தாண்டி நாற்பது விழுக்காடு வரை போனால் ஆய்வேட்டைத் திருத்தி மீண்டும் தர வேண்டியிருக்கும்; அதற்கும் மேல் தண்டனை இன்னும் கடுமை. எனக்குச் சிக்கல் வரவில்லை. தமிழில் எழுதிய நண்பர் ஒருவருக்கு முதல் அறிக்கையில் பூஜ்யம் வந்தது, மகிழ்ச்சியாகச் சொன்னார். அவர் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்ததால், மென்பொருள் தமிழ் எழுத்தையே காணவில்லை, வெறும் ஆங்கில எழுத்துக் குவியலைத்தான் கண்டது என்பது பிறகுதான் தெரிந்தது. யூனிகோடுக்கு மாற்றியதில் ஒற்றுகள் குழம்பி, ஒரு மாதம் மெய்ப்புப் பார்த்தார். தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள்.

மின்னிதழ்களைப் பொறுத்தவரை, 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்தே நூலகச் சந்தாக்களைத் திறக்கும் கடவுச்சொல் தந்தது பெரிய உதவி. 2025 சனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. நான் இப்போது பணிபுரிவது ஒரு சுயநிதிக் கல்லூரி. முதற்கட்டத்தில் எங்களுக்கு இடமில்லை. ஆகவே என் மாணவி ஒருத்தி அரசுக் கல்லூரியில் படிக்கும் தோழியிடம் கட்டுரைப் பட்டியலை வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் கல்லூரியில் பழைய விடைத்தாள்கள் கிடந்த ஒரு சிறு அறையைக் கேட்டு வாங்கினோம். கதவு சரியாகச் சாத்துகிறது. யார் எப்போது பேசலாம் என்று வார அட்டவணை ஒன்றை ஒட்டியிருக்கிறோம். பழைய சாமான் கடையில் 6,500 ரூபாய்க்கு ஓர் இரும்பு பீரோ வாங்கி, உள்ளே இருப்பவை ஆய்வுத் தரவு, அகற்றக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறோம். இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று என்னிடம், மற்றொன்று கல்லூரி அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறார் மேலாளர், மாணவர்களிடம் இருக்க வேண்டும் என்கிறேன் நான். இன்னும் முடிவாகவில்லை.